நான் எடுக்காத அழைப்பு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் செருப்பைத் தேடிக்கொண்டு எழும்புகிற ஆள் நான். இதை வாசிக்கும்போது நீங்களும் அப்படி எழும்பலாம், எனக்குக் கோபமில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கூரையில்லாத வீடுகளில் படுத்திருக்கிறேன். ஒருமுறை மழைக்கு ஒதுங்கி விடியும்வரை ஒரு சுடலைக் கொட்டிலில் கிடந்திருக்கிறேன். இரத்தம் குடிக்கிற நுளம்பைத் தவிர வேறொன்றும் என்னைத் தொட்டதில்லை. ஆகவே இதை நடந்தபடியே சொல்கிறேன், விளக்கம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு வவுனியாவில் வெல்டிங் கடை, பதுளையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பலசரக்குக் கடை, கொழும்பில் லொட்ஜ், திருகோணமலையில் மீன் லொறி. கட்டாரில் மட்டும் இரண்டு வருடம் முழுதாக இருந்தேன், அதுவும் கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில் இருந்ததால். மற்ற இடங்களில் ஒரு வருடம் நின்றதே பெரிது. நான் யாரோடும் சண்டை பிடித்து வெளியேறியதில்லை. ஒருநாள் காலையில் பஸ்ஸைக் காண்பேன், ஏறிவிடுவேன், அவ்வளவுதான்.

நாற்பது கடந்த பிறகுதான் சொந்த ஊரான புங்குடுதீவுக்குத் திரும்பினேன். அங்கே மடத்துவெளியில் எங்கள் உறவுக்காரரின் மாடி வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அவர்கள் எல்லோரும் கனடாவில். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், எனக்குப் படுக்க ஓர் இடம் வேண்டும். அந்த வீட்டில் ஒரு விசேஷம், கிணற்றில் நல்ல தண்ணீர். சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் உவர், வாயில் வைக்க முடியாது.

அங்கே இருக்கும்போதுதான் இந்த வேலை கிடைத்தது. வீட்டில் வைத்திருக்கும் நோயாளிகளுக்கு ஒக்சிஜன் இயந்திரம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கொழும்புக் கம்பெனி. இயந்திரம் பழுதென்றால், குழாய் கழன்றால், அலாரம் அடித்தால் வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அதை எடுத்துப் பேசுவதற்குத் தமிழும் சிங்களமும் தெரிந்த ஆட்கள் வேண்டும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். சான்றிதழ் கேட்கவில்லை. குரலை மட்டும் சோதித்தார்கள். ஒரு பெண் கோபமான வாடிக்கையாளர் மாதிரி நடித்து என்னைப் பத்து நிமிடம் ஏசினார். பதுளைக் கடையில் நான் அதைவிட நல்ல ஏச்சுகள் வாங்கியிருக்கிறேன். பொறுமையாகப் பதில் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் பிறகு எனக்கு மேற்பார்வையாளர், நிலூகா மிஸ்.

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் படித்த பிள்ளைகள், கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்கள். வெறும் எட்டாம் வகுப்பு நான் ஒருவன்தான். முதல் மாதமே மதிப்பெண் பட்டியலில் நான் இரண்டாவது. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது, அதனால் சொல்கிறேன்.

ஆனால் தீவில் இருந்துகொண்டு இந்த வேலை பார்ப்பது லேசில்லை. கம்பெனி தந்த மடிக்கணினி பழையது, பற்றரி செத்தது, வயரைக் கழற்றினால் அந்த இடத்திலேயே அணைந்துவிடும். ரௌட்டர் மேல்மாடி யன்னலோரம் ஒரு மூலையில்தான் சிக்னல் பிடிக்கும். அந்த அறையின் யன்னற் கதவுகளைச் சாத்தி, வியர்த்து வழிய இருந்து கதைப்பேன், வெளிச்சத்தம் கேட்கக்கூடாது என்பது சட்டம். பின்னணியில் காகம் கத்தினாலும் மதிப்பெண் குறையும்.

காகத்தைவிடப் பெரிய பிரச்சினை பவளக்கா. பக்கத்து வளவில் தனியாக இருப்பவர், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காய வைத்து விற்பவர். தினமும் பதினொரு மணி போல இரண்டு வாளியோடு வருவார். கிணறு திறந்துதான் கிடக்கும், ஆனால் பிறத்தியார் கிணற்றில் வாய்விட்டுக் கேளாமல் அள்ள மாட்டார். கீழே நின்றுகொண்டு மடத்துவெளி முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார்.

"தம்பி! தண்ணி அள்ளட்டோ?"

"அக்கா, நான்தான் சொல்லிப்போட்டனே, எந்த நாளும் கேக்காமல் அள்ளுங்கோ எண்டு."

"அதெப்பிடி? வீட்டிலை ஆள் இருக்கேக்கை கேளாமல் அள்ளினால் அது களவு. உமக்கு ஓம் எண்டு சொல்ல வாய் நோகுதோ?"

அவரைத் திருத்த ஏலாது. அதனால் அவர் குரல் கேட்டவுடன் ஒரு பொத்தானை அமத்தி வாடிக்கையாளர் பக்கம் என் சத்தம் போகாமல் நிறுத்திவிட்டு, "அள்ளுங்கோ அக்கா" என்று கத்திவிட்டு, மறுபடி இணைவேன். மூன்று விநாடி வேலை. அதில் நான் கெட்டிக்காரன்.

முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம். அதற்குள் வேலை நேரத்தில் மூன்று தரம் இணைப்பு அறுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் ஏற்கெனவே வீட்டில்தானே இருக்கிறேன் என்று நிலூகா மிஸ்ஸிடம் பகிடி விட்டேன், அவர் சிரிக்கவில்லை. எனக்கு இரண்டு தரம் அறுந்திருந்தது. ஒன்று காற்றுக்கு. மற்றது பக்கத்து வளவு ஆடு வயரைத் தின்றதால். பரீட்சைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.

அன்று காலை பத்தே முக்காலுக்கு மின்சாரம் போனது. எங்கள் தீவில் மட்டுமல்ல, நாடு முழுக்க ஒரேயடியாகப் போன ஒரு நாள் அது, பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரை கறுத்ததும் மின்விசிறி நின்றதும்தான். மூன்றாவது தரம். பதினைந்து நிமிடத்துக்குள் தொலைபேசியில் அறிவித்தால் மன்னிக்க இடமுண்டு, ஆனால் என் தொலைபேசியில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓடினேன். அங்கே திறந்த கடல், எப்படியும் ஒரு சிக்னல் பிடிக்கும்.

எதிர்க்காற்று. போய்ச் சேரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. நயினாதீவுக்குப் போகிற சனம் படகுக்கு வரிசையில் நிற்கிறது, எல்லோர் கையிலும் தொலைபேசி, ஒருவருக்கும் கோல் போகவில்லை. நான் எத்தனை தரம் அடித்திருப்பேன் என்று தெரியாது. கடைசியில் மதகடியில் இருந்து யோசித்தேன். படித்த பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கு இதெல்லாம் எதற்கு? அவர்களாக அனுப்புவதற்கு முன் நானாகப் போனால் மானமாவது மிஞ்சும். "மிஸ், நான் வேலையை விடுகிறேன். மன்னிக்கவும்" என்று சிங்களத்தில் ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

யாழ்ப்பாண பஸ் வெளிக்கிட உறுமிக்கொண்டு நின்றது. அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. இதைவிடக் குறைவான சாமானோடு நான் ஊர் மாறியிருக்கிறேன். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் போய் ஒரு காலைப் படியில் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

கொண்டக்ரர் பெடியனில்லை, வயது போன மனிசன், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, ஏறுறதெண்டால் ஏறும். இல்லையெண்டால் காலை எடும். பஸ்ஸுக்கு என்ன கல்யாணப் பேச்சோ, யோசிச்சுச் சொல்ல?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். காலை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பஸ் போனது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஒழுங்கை முகப்பில் பவளக்கா இரண்டாம் நடையாக இரண்டு வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். எனக்கு இருந்த எரிச்சலில் பகிடியாகக் கேட்டேன்.

"என்ன அக்கா, இண்டைக்குக் களவோ? ஆரைக் கேட்டு அள்ளின்னீங்கள்?"

"உம்மடை அண்ணையைக் கேட்டுத்தான். ஏன் காணும், வீட்டுக்கு ஆள் வந்து நிண்டால் ஒரு சொல்லுச் சொல்லமாட்டீரோ? நான் என்ன கடிச்சே போடுவன்?"

"எனக்கு எங்கையக்கா அண்ணை? நான்தான் மூத்தவன்."

"ஓம் ஓம். குரல் அச்சடிச்ச மாதிரி இருக்கு, அண்ணை இல்லையாம்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் சொந்தக்காரர் யாரும் என்னை எட்டிப் பார்ப்பதில்லை என்று அவர் அடிக்கடி குத்துவார். இதுவும் அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

மேலே போனேன். யன்னல்கள் நான் சாத்தியபடி. மடிக்கணினி கறுத்துக் கிடந்தது. ஹெட்செற் மேசையில் கிடந்தது, எடுத்து ஓரமாக வைக்கப்போனேன், காதில் படும் பஞ்சு இரண்டும் ஈரமாக இருந்தன. என் வியர்வைதான் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் சூட்டில் கிடந்த பஞ்சு காயாதா என்று அப்போது தோன்றவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு மின்சாரம் வந்தது. கணினி தொடக்கத்திலிருந்து எழும்பிக் கடவுச்சொல் கேட்டது. உள்ளே போனதும் நிலூகா மிஸ்ஸின் செய்தி, உடனே கூப்பிடவும் என்று. சரி, சோலி முடிந்தது என்று கூப்பிட்டேன். அவர் பேசுவது சிங்களத்தில், நான் தமிழில் தருகிறேன்.

"அண்ணா, நான் இப்பத்தான் அந்தப் பதுளை கோலைக் கேட்டு முடிச்சேன். எனக்கு அழுகை வந்திட்டுது."

"எந்தப் பதுளை கோல் மிஸ்?"

"நடிக்க வேணாம். பத்து ஐம்பத்திரண்டு. நாற்பத்தொரு நிமிஷம். இண்டைக்கு இருந்த குழப்பத்தில் பாதிப் பேர் லைனிலேயே இல்லை, நீங்க எப்படி இருந்தீங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். மிஸ், பத்தே முக்காலுக்கு எனக்கு மின்சாரம் போய்விட்டது, நான் வீட்டிலேயே இல்லை, அந்த அழைப்பை நான் எடுக்கவில்லை. அவர் சிரித்தார். "அப்ப உங்க வாயில் யார் இருந்தது?" என்று கேட்டுவிட்டு, தொலைபேசியிலேயே கொஞ்சம் போட்டுக் காட்டினார். என் குரல். என் சிங்களம், பதுளைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டு பழகிய அதே சிங்களம்.

மறுநாள் மறுபடி சொன்னேன். கணினிப் பிரிவு ஆளிடமும் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, உங்கள் இடத்தில் இருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது, பற்றரியில் ஓடியிருக்கும் என்றார். பற்றரி செத்தது என்று நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள் என்றேன். அப்படியென்றால் தெரியாது என்றார். மூன்று தரம் உண்மை சொன்னேன், மூன்று தரமும் என்னை அடக்கமான மனிதன் என்று பாராட்டினார்கள். ஒன்பது நாள் கழித்து வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. தன் அழைப்பை முழுதாகக் கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு என்பதால் பதிவைக் கேட்டு எழுதினேன். அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் யன்னலைச் சாத்திவிட்டு இருந்து கேட்டேன்.

கூப்பிட்டவர் பதுளைப் பக்கம் ஒரு மலையில் இருக்கிற விமலசேன என்ற வயோதிபர். முந்தி பஸ் சாரதி. மனைவிக்கு நுரையீரல் வருத்தம், இயந்திரத்தில்தான் மூச்சு. மின்சாரம் போய் இயந்திரம் நின்றுவிட்டது. அவசரத்துக்குக் கொடுத்த சிலிண்டர் பக்கத்தில் நிற்கிறது, அதன் வால்வு இறுகிப்போய் அசையவில்லை. ஆஸ்பத்திரி வண்டிக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை, மகள் வர முக்கால் மணித்தியாலமாகும். பின்னால் அந்த அம்மா மூச்சுக்கு இழுக்கிற சத்தம் கேட்கிறது. பேச்சு முழுக்கச் சிங்களம், இதையும் தமிழில் தருகிறேன்.

"தம்பி, இது அசையுதில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பட்டா?"

"வேண்டாம்!" என்று என் குரல் கத்துகிறது. "ஐயா, எண்ணெய் கிட்டவும் வேண்டாம். உங்கடை கையிலை எண்ணெய் இருக்கோ?"

"சமைச்சுக்கொண்டு நிண்டேன்."

"ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சுப்போட்டு வாங்கோ. நான் இஞ்சைதான் இருக்கிறன், எங்கையும் போகன். வவுனியாவிலை வெல்டிங் கடையிலை நிண்டனான் ஐயா. எண்ணெய்க் கையோடை ஒக்சிஜன் திறந்தவனை எரிஞ்சபடி கண்ணாலை கண்டனான்."

இந்த இடத்தில் பதிவை நிறுத்தினேன். வாடிக்கையாளருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி எங்களுக்குத் தந்த பதில் தாளில் எண்ணெயைப் பற்றி ஒரு வரியும் அப்போது இல்லை. வவுனியாவில் நான் கண்டதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் தாய்க்கும் சொன்னதில்லை. அவன் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுபடி போட்டேன். வயோதிபர் கை கழுவி வருகிறார். உலர்ந்த துவாயைச் சுற்றிப் பிடிக்கச் சொல்கிறது என் குரல். சிலிண்டரின் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நிற்கச் சொல்கிறது. "நீங்கள் மலைப் பாதையிலை பஸ் ஓட்டின மனிசன். இறுகின கியரை எப்பிடி மாத்துவீங்கள்? இழுத்து அடிக்கமாட்டீங்கள்தானே. அதே மாதிரி, மெதுவா, இடப்பக்கம்" என்கிறது. நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சீறிக்கொண்டு காற்று வருகிற சத்தம். இரண்டாம் இலக்கத்தில் வைக்கச் சொல்கிறது. பிறகு அந்த அம்மாவின் மூச்சு ஒரு சீருக்கு வருகிறது, வயோதிபர் அழத் தொடங்குகிறார்.

மகள் வந்து சேரும்வரை என் குரல் அவரை விடவில்லை. பதுளைச் சந்தையைப் பற்றி, எந்தக் கடையில் தோசை நல்லது என்பதைப் பற்றியெல்லாம் கதைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்த கடையைத்தான் சொல்கிறது.

இன்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். எண்ணெய் வரி பதில் தாளில் ஏறிவிட்டது, இரண்டு மொழியிலும். பட்டம் பெற்ற பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்காரன் குரலைக் கேட்டுப் படிக்கிறார்கள். அந்த அம்மா உயிரோடு இருக்கிறார், விமலசேன ஐயா குழாய் மாற்றக் கூப்பிடுகிற போதெல்லாம் என்னைத்தான் கேட்பார். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன். அந்த அழைப்பில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் நான் பட்டுப் படித்தது. சொன்னது மட்டும் நான் இல்லை.

பயிற்சிக்குப் போடுகிற பதிவில் சில விநாடிகளை வெட்டியிருக்கிறார்கள். சிங்களத்துக்கு நடுவில் தமிழ் வருகிறது, வீட்டுக்கு வந்த யாரோடோ நான் பேசுகிறேனாம், தேவையில்லை என்று வெட்டிவிட்டார்கள். நிலூகா மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பகுதி என்னிடமுள்ள முழுப் பதிவில் இருபத்தைந்தாவது நிமிடத்தில் வருகிறது. தூரத்தில் பவளக்கா கூப்பிடுகிறார், "தம்பி! தண்ணி அள்ளட்டோ?" நானென்றால் பொத்தானை அமத்தியிருப்பேன். அந்தக் குரல் அமத்தவில்லை. வாயை யன்னல் பக்கம் திருப்பினது மாதிரி, கொஞ்சம் தள்ளிக் கேட்கச் சொல்கிறது.

"அள்ளுங்கோ அக்கா. அவன் துறைக்குப் போயிட்டான். இந்தமுறை திரும்பி வருவான்."

பத்து ஐம்பத்திரண்டோடு இருபத்தைந்தைக் கூட்டிப் பாருங்கள். நான் நிலூகா மிஸ்ஸுக்கு எழுதிய செய்தி இன்னும் என் தொலைபேசியில் கிடக்கிறது. போகவில்லை, பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி, நேரம் 11.17. அதை அனுப்பப் பார்த்துவிட்டு நேரே போய்த்தான் பஸ் படியில் காலை வைத்தேன். திரும்பி வருவேன் என்று அந்த நேரம் எனக்கே தெரியாது.